மூன்றாவது தொட்டில்

உரிமத்தைச் சட்டம் போட்டு
அடுப்புக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.
ஆறு குழந்தைகள்; அதில் நடக்கத் தெரியாதவை மூன்று.
மூன்று என்றால் மூன்றுதான்.
அதிகாரி வந்தார், ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே நாடா பிடித்தார்,
புகை மணியை ஒருமுறை அலறவிட்டார்,
"சரி, திருமதி ஃபுர்ட்டாடோ" என்று
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நியூ பெட்ஃபோர்டில் மீன் ஆலைகளின் பட்டை
காலை ஐந்துக்கே ஓடத் தொடங்கிவிடும்.
காப்பகங்கள் திறப்பது ஏழரைக்கு.
இடையிலுள்ள இரண்டரை மணி நேரத்தில்
கைக்குழந்தைகள் எங்கே இருக்கின்றன என்று
யாரும் கேட்டதில்லை.
நான் நாலரைக்குத் திறக்கிறேன்.
அதனால்தான் இந்தத் தொலைபேசி ஓய்வதில்லை.

முதலில் யாரும் விலை கேட்பதில்லை.
"இடம் இருக்கிறதா?"
இல்லை என்ற பிறகுதான் விலை.
கிடைக்காத பொருளுக்கு விலை கேட்டு என்ன ஆகப்போகிறது,
ஆனாலும் சொல்கிறேன்: வாரத்துக்கு இருநூற்று அறுபது டாலர்.
மறுமுனையில் பெருக்கல் நடக்கும்.
நாலால்.
பிறகு வாடகை.
பிறகு ஒரு மூச்சு.

பச்சை நோட்டில் முப்பத்தொரு பெயர்கள்.
சிலவற்றுக்குப் பெயரே இல்லை.
"மொன்டேய்ரோ, மார்ச்சில் பிறக்கும்."
"இரட்டையாக இருக்கலாம்" என்பதை அடித்துவிட்டு
"ஒன்றுதான்."
ஒருத்தி சோதனைக் குச்சி காய்வதற்குள் கூப்பிட்டாள்.
கணவனுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.
அந்தச் சேதி தெரிந்த இரண்டாவது ஆள் நான்.
வாழ்த்தத் தோன்றவில்லை.
பதினெட்டாவது இடம் என்றேன்.

எவுலாலியா சிப்பி கழுவுகிறவள்.
ரப்பர் கையுறை உரியும் சத்தத்தோடுதான் அவள் பேச்சு தொடங்கும்.
அவள் ஸ்பானிஷ் எனக்குப் பாதி,
என் போர்ச்சுகீஸ் அவளுக்குப் பாதி,
எண்கள் மட்டும் இருவருக்கும் முழுசாக.
"ஓரிடம் பார்த்தேன், சென்யோரா. உரிமம் கிடையாது. நூற்றுப்பத்து டாலர்.
பதினோரு குழந்தைகள், ஒரே ஒரு பெண்.
கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன்.
ஒன்றுகூட அழவில்லை.
அதுதான் பயமாக இருக்கிறது."

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"நாலாவதாக எல்மெரை வைத்துக்கொள்ள முடியாதா?
சின்னவன். சத்தமே போடமாட்டான்."

முடியும். மூலையில் இடம் இருக்கிறது.
ஆனால் இது இரண்டாவது மாடி.
நள்ளிரவில் தூக்கம் வராதபோது
ஒத்திகை பார்த்திருக்கிறேன், மாவு மூட்டைகளை வைத்து:
இடுப்பின் இருபுறமும் இரண்டு, மார்போடு கட்டியது ஒன்று,
பெரியவர்கள் மூவரும் என் பாவாடையைப் பிடித்தபடி,
பத்தொன்பது படி.
நாலாவதை எந்தக் கையால் தூக்குவேன்?
அதிகாரி எனக்குச் சட்டமில்லை.
அந்தப் படிகள்தான்.
இதைப் பாதி மொழியில் சொல்ல வரவில்லை.
"இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரியில், பனி கொட்டிய வாரம்,
மூன்றாவது தொட்டில் காலியானது.
ஃபால் ரிவரில் வாடகை குறைவென்று
ஒரு குடும்பம் போய்விட்டது.
நோட்டை எடுத்து மேலிருந்து கூப்பிட்டேன்.
ஓர் எண் உயிரோடு இல்லை.
ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள்.
ஒருத்தி, "இப்போதா?" என்றாள், அதற்குமேல் பேசவில்லை.
இன்னொருத்தியின் கணவன் இரவு வேலைக்கு மாறிவிட்டான்;
ஒருவரையொருவர் வாசலில் மட்டும் பார்க்கிறார்களாம்.
ஐந்தாவது எவுலாலியா.

நாலு மாதமாக அந்த அழாத வீட்டில் இருந்தவன்
திங்கட்கிழமை, நாலே முக்காலுக்கு, போர்வைக்குள் வந்தான்.
தொட்டிலில் வைத்தேன். கூரையைப் பார்த்தான்.
பால் கொடுத்தால் குடித்தான்.
ஈரத்தை மாற்றினால் காலைத் தூக்கிக்கொடுத்தான்.
மற்ற இரண்டும் வீட்டைத் தலைகீழாக்கின.
எட்டு மணி. ஒன்பது.
ஈரத்தோடு கிடந்தும் கேட்கவில்லை,
பசித்தும் கேட்கவில்லை.
கேட்டு என்ன பயன் என்று
எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டவனைப்போல.

புதன்கிழமை பத்தேகாலுக்கு
உதடு கோணியது.
முதலில் ஒரு கீச்சு,
துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல.
அப்புறம் முழுத்தொண்டையும்.
ஓடினேன். ஓடியவள்
ஒரு நொடி நின்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினேன்,
கடவுள் மன்னிக்கட்டும்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி.
ரப்பர் கையுறை உரியும் சத்தம்.
நான் ஒன்றும் பேசவில்லை.
அவன் வாயருகே நீட்டினேன்.